எட்டாதது

புந்தா அரேனாஸில் காற்று எழுந்துவிட்டால்
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும்.
அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை
நீரிணையின் அக்கரையில் படகு நின்றுபோனது.
ஒரு பெண்ணின் மார்பிலிருந்து வெட்டிய துண்டு
ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு
அங்கேயே காத்துக் கிடந்தது.
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு வந்தது மெழுகுக் கட்டி, எண் 4417.
நான்கு மைக்ரான் கனத்தில் சீவினேன்.
வெந்நீரில் பாலாடைபோல் மிதந்ததைக்
கண்ணாடித் தகட்டால் ஏந்தி எடுத்தேன்.
பிறகு சமையல்தான்:
சிட்ரேட் கரைசல், பிரஷர் குக்கர்.
ஃபார்மலினில் இறுகிய புரதம்
வெந்தால்தான் வாய் திறக்கும்.
ஆன்டிபாடி ஒரு சொட்டு, ஒரு மணி நேரம், கழுவல்,
மறுபடி சொட்டு, மறுபடி கழுவல்,
கடைசியில் சாயம்.
ஏற்பி இருக்கும் உட்கரு பழுப்பாகும்.
இல்லாதது நீலமாகவே கிடக்கும்.

எத்தனை செல்கள், அதற்கு ஐந்து வரை.
எவ்வளவு அடர்த்தி, அதற்கு மூன்று வரை.
கூட்டினால் எட்டு.
எட்டு என்றால் தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடம்.
சுழியம் என்றால் அந்த மாத்திரை இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, சான்டியாகோவில்,
இதற்கு நுண்ணோக்கியே கிடையாது.
கட்டியைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து
இடித்து, அரைத்து,
கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனை ஊற்றுவோம்.
ஒட்டாமல் அலைவதைக் கரித்தூள் விழுங்கிவிடும்.
ஒட்டியதைக் கருவி எண்ணி
இரவெல்லாம் தாளில் துப்பும்:
மில்லிகிராம் புரதத்துக்கு இத்தனை ஃபெம்டோமோல்.
பத்துக்கு மேலே போனால் உண்டு.
ஒன்பது வந்தது ஒருத்திக்கு.
கொழுப்பும் நாரும் கட்டியோடு சேர்ந்து அரைபட்டால்
எண் இளைத்துவிடும்.
இல்லை என்று எழுதி அனுப்பினோம்.
அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது,
ஒன்பது மட்டும் தெரியும்.

4417 முழுக்க நீலம்.
டாக்டர் யாஸ்னா சுழியம் போட்டுக் கையெழுத்திட்டார்.
"கன்ட்ரோல் நன்றாகத்தானே பழுத்திருக்கிறது, நெலிதா?"
பழுத்திருந்தது, வாஸ்தவம்தான்.
பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்,
அது அதே பானைச் சோறாக இருந்தால்.
கன்ட்ரோல் வேறு பானை.
வேளைக்கு ஃபார்மலினில் விழுந்த திசு அது.

தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
கட்டிக்கு அருகே நோயில்லாத ஒரு பால் நாளம்.
எந்தப் பெண்ணுக்கும் அங்கே
நாலைந்து செல்லாவது பழுக்கும்.
இங்கே ஒன்றுகூட இல்லை.
அவளிடம் இல்லையா,
அல்லது நாங்கள் கேட்டது
அவளுக்கு எட்டவே இல்லையா?

போர்வெனிருக்குப் போன் போட்டேன்.
எதிர்காலம் என்று பெயர் வைத்த ஊர் அது.
எவாரிஸ்தோ, அங்கத்து நர்ஸ், முதலில் பேசவில்லை.
அப்புறம்,
"ஃபார்மலின் தீர்ந்துபோச்சு. படகும் வரல.
முப்பத்தொரு மணி நேரம்மா."
திட்ட வாயெடுத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

முந்தைய மாதம் புற்றா இல்லையா என்று பார்க்க மட்டும்
இங்கேயே எடுத்த ஊசித் துண்டு,
நூல் அளவு,
மூன்றாவது அலமாரியில் இருந்தது.
குக்கர் ஏற்றினேன். யாஸ்னா வீட்டுக்குப் போகவில்லை.
இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை.

ஆறு.
எட்டு இல்லை, ஆறு.
ஆறு போதும்.

அவர் பழைய தாளைக் கிழித்துப் புதிதாக எழுதினார்.
வெளியே காற்று தணிந்திருந்தது,
கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.
நான் கிளம்பவில்லை.
இழுப்பறையில் இந்த வருடச் சுழியங்கள்
அறுபத்து இரண்டு.
முதல் தகட்டை வைத்தேன்.
கட்டியைப் பார்க்கவில்லை.
நாளத்தைத் தேடினேன்.